மேளத்துக்குத் தூங்கும் மந்திரமூர்த்தி

"மேளச் சத்தம் கேட்டா உங்க உடம்பு அதிருமா, அண்ணாச்சி?"

கேட்டு முடித்த பிறகுதான், கூட்டுறவுச் சங்க வராந்தா திடீரென்று அடங்கிப்போனதைக் குமரகுருபரன் கவனித்தான். யூரியாவுக்கு வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். பீடி பற்றவைக்கப் போன ஒருவர், தீக்குச்சி விரலைச் சுடும்வரை அதைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

உர மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த மந்திரமூர்த்தி நிதானமாக யோசித்தார்.

"இல்ல சார்."

"கொஞ்சங்கூட?"

"தூக்கந்தான் வரும்."

வரிசையில் யாரோ "ஐயையோ" என்றார்கள்.

குமரகுருபரன் அந்தச் சங்கத்தில் எழுத்தர். தினமும் பாளையங்கோட்டையிலிருந்து சீவலப்பேரி டவுன் பஸ்ஸில் வந்து குறிச்சிமேட்டில் இறங்குவான். சாயங்காலம் திரும்பி, முகம் கழுவிய ஈரம் காய்வதற்குள் மனநல ஆலோசனை கற்றுத்தரும் மாலை வகுப்புக்கு ஓடுவான். எதையும் முறைப்படி செய்கிறவன். முறைப்படிதான் செய்தோமா என்று ராத்திரி நாட்குறிப்பில் எழுதிக் கவலைப்படுகிறவன்.

வகுப்பில் கொடுத்த வேலை இதுதான்: வயது வந்த ஒருவரை உட்காரவைத்து, சத்தம், வெளிச்சம், வாசனை, ருசி, தொடுகை இவற்றை அவர் உடம்பு எப்படி வாங்கிக்கொள்கிறது என்று கேட்டு அளக்க வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் 'ஒருபோதும் இல்லை' என்பதில் தொடங்கி 'எப்போதும்' வரை பதில்கள் உண்டு. கூட்டிப் பார்த்தால் அவர் உணர்வு எட்டாதவரா, உணர்வைத் தேடிப் போகிறவரா, சட்டென்று நோகிறவரா, ஒதுங்கிக்கொள்கிறவரா என்று தெரிந்துவிடும். வெளிநாட்டில் இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிற விஷயம். வகுப்பு ஆசிரியை சாலோமி மேடம் எங்கிருந்தோ நகல் எடுத்து வந்திருந்தார்.

தாளில் 'தீயணைப்பு வண்டியின் ஒலி' என்றுதான் இருந்தது. "உங்க ஆளுக்குப் பழக்கமான உதாரணமா மாத்திக்கோங்க" என்று மேடம் சொல்லியிருந்தார். குறிச்சிமேட்டுக்குத் தீயணைப்பு வண்டி வந்ததே கிடையாது. எனவே குமரகுருபரன் முறைப்படி அதை அடித்துவிட்டு 'மேளம்' என்று எழுதியிருந்தான்.

மந்திரமூர்த்தியைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் இருந்தது. சங்கத்தில் மூட்டை தூக்குகிற அவருக்கு, கொக்கி முழங்காலைக் கீறி ரத்தம் செருப்புவரை வடிந்தாலும் பக்கத்தில் நிற்பவர் சொன்னால்தான் தெரியும். கொதிக்கிற டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "ஆறிப்போச்சோ?" என்று கேட்பார்.

"சார்." மாடக்கண்ணு வரிசையை விட்டு வெளியே வந்தார். ஊர் மாடன் கோயில் காரியமெல்லாம் அவர் கையில்தான். "என்ன சோலி பாத்துட்டீய?"

"கேள்விதான பெரியவரே கேட்டேன்?"

"இவன் யாருன்னு தெரியுமா ஒங்களுக்கு? சாமியாடி மவன்லா! அப்பன் போன ஆவணியில போய்ச் சேந்துட்டாரு. வார கொடைத் திருவிழாவுல மாடன் இவன் மேலதான் வரணும். வரலன்னா சாமியாடி கட்டுத கச்ச, சல்லடம், புடிக்கித வல்லயம் அம்புட்டும் இவன் பெரியப்பன் வீட்டுக்குப் போயிரும். இப்ப நீங்க மேளத்துக்கு அதிருமாங்கீய, இவன் தூக்கம் வருதுங்கான். ஊரே கேட்டுட்டு நிக்கி!"

மந்திரமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். சொன்ன பிறகுதான் அவருக்கும் உறைத்திருந்தது. எல்லாமே அவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைக்கும்.

"பெரியவரே, இது சாமி சம்பந்தப்பட்டது இல்ல. வெறும் நரம்பு சம்பந்தப்பட்டது."

"சாமி நரம்பு வழியா வராம, பஸ்ஸுலயா வரும்?"

குமரகுருபரன் கையிலிருந்த தாளைப் புரட்டினான்.

வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது. "அப்ப எனக்கும் கேளுங்க சார். ரெண்டு பேருக்கும் ஒரே தராசு. அதான நாயம்?"

அது இசக்கிதுரை. அந்தப் பெரியப்பன் மகன். சைக்கிள் கடை வைத்திருப்பவன். ஒரு யூரியா மூட்டைகூட வாங்க வேண்டிய அவசியமில்லாத அவன் எதற்காக வரிசையில் நின்றான் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

குமரகுருபரன் வேகமாக யோசித்தான். இருவரையும் கேட்டால் விடைகள் முன்னே பின்னே கலந்துதான் வரும். 'பாருங்கள், இதை வைத்து எதையும் சொல்ல முடியாது' என்று ஊருக்குக் காட்டிவிடலாம்.

"சரி" என்றான்.

அந்த ஒரு சொல்லுக்காக அவன் அன்று நாட்குறிப்பில் இரண்டு பக்கம் வருந்தினான்.

மறுநாள் இசக்கிதுரை நெற்றி நிறையத் திருநீறோடு வந்து உட்கார்ந்தான். வராந்தாவில் நிற்க இடமில்லை.

"தலை சீவுறப்போ சீப்பு பட்டா..."

"எப்போதும்!"

"கேள்வி முடியல. சீப்பு பட்டா எரிச்சலா இருக்குமா?"

"எப்போதும் சார். எழுதுங்க."

"சட்டைக் காலர்ல இருக்குற துணிச்சீட்டு உறுத்துமா?"

"சீட்டு என்ன சீட்டு, சட்டையே உறுத்தும்." அவன் சட்டையைக் கழற்றி எறிந்தான். கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது.

"கூட்டமும் சத்தமும் உள்ள இடத்துக்கு நீங்களாத் தேடிப் போவீங்களா?"

"எப்போதும்."

"அந்த மாதிரி இடத்த விட்டு ஒதுங்கிப் போவீங்களா?"

"எப்போதும்."

"ரெண்டும் எப்படிங்க?"

"மாடன் போலேம்பான். நான் மாட்டேம்பேன். எங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும், அது எதுக்கு சார் ஒங்களுக்கு?"

கூட்டிப் பார்த்தால், இசக்கிதுரை நான்கு வகைகளிலும் ஒரேயடியாக உச்சத்தில் இருந்தான். சாலோமி மேடத்தின் தாள்படி அப்படி ஒரு மனிதன் இருக்கவே முடியாது. குறிச்சிமேட்டின்படி, அவனுக்கு எல்லாக் கேள்விக்கும் முழு மார்க்கு.

"மந்திரத்துக்கு எம்புட்டு?" என்று யாரோ கேட்டார்கள்.

"அதச் சொல்லக் கூடாது" என்றான் குமரகுருபரன், முறைப்படி.

"சொல்ற மாதிரி இல்ல போலுக்கு" என்று முடிவு செய்தது வராந்தா.

அடுத்த இரண்டு நாளும் சங்கத்தில் கடன் கேட்டு யாரும் வரவில்லை. "எம் மவனுக்கும் பாத்துச் சொல்லுங்க சார், அவனுக்குப் பம்பு செட்டுச் சத்தத்துக்கே மேலு சிலுக்கும்" என்று ஆளாளுக்கு வந்தார்கள்.

சாலோமி மேடம் அவன் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"முதல் தடவ யார் முன்னால வச்சுக் கேட்டீங்க?"

"யூரியா க்யூ முன்னால, மேடம்."

"குமரகுருபரன், இது ரகசியமாக் கேக்க வேண்டியது. நாலு பேர் முன்னால கேட்டா எவன் உண்மையச் சொல்லுவான்? அந்தப் பதிலே செல்லாது. அவர் வீட்டுக்குப் போங்க. கதவச் சாத்திட்டு, அவர மட்டும் வச்சு, மொதல்லேந்து கேளுங்க. முடிவ வேற யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது."

அவனுக்கு உயிர் வந்தது. முதல் விடை செல்லாது! தனியாகக் கேட்டால் மந்திரமூர்த்தியின் நரம்புகள் விழித்துக்கொள்ளலாம். அதை அவர் காதில் மட்டும் சொன்னால் அவருக்குத் தைரியம் வரும்.

மறுநாள் மத்தியானம் மந்திரமூர்த்தி வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினான். அவர் மனைவி இசக்கித்தாயைக்கூட வெளியே அனுப்பியாயிற்று.

தனியாகக் கேட்டதில் விடை முன்னைவிட மோசமாக வந்தது.

"பூ வாசம், சாம்பிராணி வாசம் இதெல்லாம்..."

"கொமட்டுதுன்னு மத்தவுக சொன்னா, இருக்கு போலன்னு நெனச்சுக்கிடுவேன்."

"சாப்பாட்டுல உப்பு கூடிப்போனா?"

"அவ மொகத்தப் பாத்துத் தெரிஞ்சுக்கிடுவேன்."

"மேல எதாவது ஊர்ந்தா, பட்டா, உரசினா?"

"எங்க சார் தெரியுது? போன வருசம் ஒரு பூரான் என் சட்டைக்குள்ள கெடந்திருக்கு. அவ தொவைக்கையிலதான் கண்டுபிடிச்சா. பூரான் செத்துப்போயிருந்துச்சு."

குமரகுருபரன் பேனாவை மூடினான். மந்திரமூர்த்தி குரலைத் தாழ்த்தினார்.

"சார், அப்பா சாகையில எங் கையப் புடிச்சுக்கிட்டு, 'மாடன விட்றாதலே'ன்னு சொன்னாவ. நான் சரின்னுட்டேன். சரின்னு சொல்லுதது லேசு. மேளம் அடிக்கும், ஊரு முழுக்க என்னியே பாக்கும், நான் கல்லு மாதிரி நிப்பேன். பொறவு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இந்த ஊருல மூட்ட தூக்குவேன்? இதுக்கு மருந்து மாத்திர ஏதும் உண்டுமா?"

"மருந்து இல்ல அண்ணாச்சி." குமரகுருபரன் பேனாவைச் சட்டைப்பையில் செருகினான். "ஆனா பழக்கலாம். பையப் பைய, கொஞ்சங் கொஞ்சமா சத்தத்தக் கூட்டிக் கூட்டி."

அப்படி எந்தப் பாடத்திலும் இல்லை. இருந்தாலும் இவ்வளவு கெடுதல் செய்தவன் ஒன்றும் செய்யாமல் எழுந்து போக முடியுமா?

சாத்திய கதவு திறந்தபோது எதிரே தெருவே நின்றது. இசக்கிதுரை இடுப்பில் கைவைத்திருந்தான்.

"எனக்கு வராந்தாவுல வச்சுப் பரீச்ச, இவனுக்கு வீட்டுக்குள்ள டூசனா? நல்லாருக்கு சார் ஒங்க நாயம்!"

மறுநாள் குமரகுருபரன் டேப் ரெக்கார்டரையும், ஜங்ஷனில் வாங்கிய கொடைமேளக் கேசட்டையும் துணிப்பையில் மறைத்து எடுத்துவந்தான். வீட்டின் பின்கட்டில் வைத்து, சத்தத்தைச் சன்னமாக வைத்தான்.

"எதாவது தெரியுதா?"

"இல்ல சார்."

கொஞ்சம் கூட்டினான். இன்னும் கொஞ்சம் கூட்டினான். திருகு அதற்கு மேல் திரும்பாது என்கிற இடம்வரை கூட்டினான். பின்கட்டுத் தகரம் அதிர்ந்தது. மந்திரமூர்த்தி சுவரில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, ஆழ்ந்து தூங்கினார்.

தூங்காதது ஊர்தான். கோயிலில் இன்னும் கொடைக்குப் பந்தல்கால் நாட்டவில்லை; அதற்குள் எங்கே மேளம் கேட்கிறது என்று ஆட்கள் ஓடிவந்தார்கள். மூன்றாம் வீட்டில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த அன்னத்தாய் என்கிற பெண் அருள் வந்து, சுளகோடு தெருவில் ஆடத் தொடங்கிவிட்டாள். வேப்பிலையும் தண்ணீரும் கொண்டு அவளை மலையேற்றுவதற்குள் மாடக்கண்ணுவின் வேட்டி இரண்டு இடத்தில் கிழிந்தது.

அவர் குமரகுருபரனிடம் வந்தார். மூச்சு வாங்கியது.

"சார். ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம். இனி கேள்வியும் வேண்டாம், மார்க்கும் வேண்டாம், பொட்டிப் பாட்டும் வேண்டாம். செவ்வாக்கெழம மதியக் கொடைக்கு ரெண்டு பேரையும் மாடன் முன்னால நிறுத்துதோம். ஆளுக்கொரு சல்லடம் கட்டி, நேருக்கு நேரா. யாரு மேல வருதோ அவன் சாமியாடி. வராதவன் இனி கோயில் படி ஏறி உரிம பேசக் கூடாது."

"பெரியவரே, முன்ன அப்படி இல்லையே. மகனுக்குத்தான..."

"முன்ன நீங்களும் இல்லையே சார்."

அதாவது, சும்மா இருந்திருந்தால் மந்திரமூர்த்தி தனியாக நின்றிருப்பார். அடுத்த வருஷம் வரும் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். இப்போது பக்கத்தில் இசக்கிதுரை நிற்பான். அன்று குமரகுருபரன் நாட்குறிப்பைத் திறந்து தேதியை எழுதிவிட்டு, அதற்கு மேல் எழுதத் தெரியாமல் மூடிவைத்தான்.

கொடைக்கு முந்தின நாள் இசக்கித்தாய் சங்கத்துக்கு வந்தாள். கல்லாக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள். அதிகம் பேசாத பெண்.

"அவுகளுக்கு என்ன வந்துருக்கு சார், ஒங்க கணக்குல?"

"அக்கா, அத நான் சொல்லக் கூடாது."

"நாளைக்கு ஊரு முன்னால நிக்கப் போறது எங்க வீட்டு ஆளு. ஒங்களால நிக்காவ. எங்கிட்டக்கூடச் சொல்லக் கூடாதோ?"

சாலோமி மேடத்தின் முகம் கண்முன் வந்தது. அதைத் தள்ளிவிட்டு இசக்கித்தாயின் முகத்தைப் பார்த்தான். சொல்லிவிட்டான்.

"அண்ணாச்சிக்கு எதுவுமே சட்டுன்னு எட்டாது அக்கா. காதும் அப்படித்தான், மூக்கும் அப்படித்தான், தோலு இன்னும் மோசம். மத்தவங்களுக்கு ஒரு பங்கு போதும்னா, அண்ணாச்சிக்கு நாலு பங்காவது வேணும். அப்பவும் உடனே தெரியாது. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் உறைக்கும். அது அவரோட பெறவி. அவர் தப்பு இல்ல."

"நாலு பங்கா?"

"நாலு பங்கு."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். தன்னுடைய படிப்பு இதுவரை சாதித்தது ஒரு பெண்ணை அழவைத்ததுதான் என்று குமரகுருபரனுக்குத் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை கொடைக்காகச் சங்கத்துக்கு விடுமுறை. அவன் வராமல் இருந்திருக்கலாம். ஆனால் வீட்டில் உட்கார்ந்து கற்பனை செய்வதற்கு நேரில் பார்ப்பதே தேவலை என்று பஸ் ஏறிவிட்டான்.

பந்தலின் கீழ் இருவரும் நின்றார்கள். இருவர் அரையிலும் முழங்கால்வரை இறுக்கிய, மணி தைத்த சிவப்புச் சல்லடம், மார்பில் சந்தனம், கழுத்தில் பிச்சி மாலை. இசக்கிதுரை மேளக்காரர்கள் தோல்வாரை இழுத்துச் சுருதி பார்க்கும்போதே ஆடத் தொடங்கிவிட்டான். குதித்தான், உறுமினான், நாக்கைக் கடித்தான்.

"லே, இன்னும் மேளம் ஆரம்பிக்கலலே!" என்றார் மாடக்கண்ணு.

"மாடனுக்கு ஏது நேரங்காலம்!" என்று அலறினான் இசக்கிதுரை.

சித்திரை வெயில். மேளம் முறைப்படி தொடங்கியபோது அவனுக்கு முழங்கால் மடங்கிவிட்டது. பந்தல்காலைப் பிடித்து உட்கார்ந்து, "ஒரு சோடா குடுங்கவே" என்றான். மாடன் சோடா கேட்டதாக வரலாறு இல்லை. கூட்டம் முகத்தைத் திருப்பிக்கொண்டு மந்திரமூர்த்தியைப் பார்த்தது.

மந்திரமூர்த்தி மைல்கல் மாதிரி நின்றார்.

மேளம் ஏறியது. நாயனம் உச்சிக்குப் போனது. பெண்கள் குலவையிட்டார்கள். குமரகுருபரனுக்கே கைகால் உதறியது. சத்தம், வெயில், சாம்பிராணிப் புகை, எல்லாம் சேர்ந்து தொண்டைவரை வந்து நின்றன. தான் எந்த வகை என்பதில் அவனுக்கு அந்த நிமிஷம் சந்தேகமே இல்லை.

மந்திரமூர்த்தி கொட்டாவி விட்டார்.

"போச்சு" என்றது கூட்டம். மாடக்கண்ணு மேளக்காரர்களை நிறுத்தச் சொல்லக் கையைத் தூக்கினார். குமரகுருபரன் கண்களை மூடிக்கொண்டான்.

மூடிய கண்ணுக்கு வெளியே மணிகள் குலுங்கும் சத்தம் கேட்டது.

திறந்தான். மந்திரமூர்த்தியின் தொடை துடித்தது. ஒரு தொடை, பிறகு மறு தொடை. அவர் முகத்தில் முதலில் ஒரு குழப்பம் தெரிந்தது. பிறகு ஒரு பெரிய வியப்பு. மூட்டைக் கொக்கிக்கும் கொதிக்கிற டீக்கும் அசையாத அந்த உடம்பு பந்தலை முட்டும் உயரத்துக்குத் துள்ளி எழுந்தது. தொண்டையிலிருந்து வந்த கூச்சலில் கோயில் அரசமரத்துக் காக்கைகள் அத்தனையும் பறந்தன.

மாடனின் ஈட்டியான வல்லயத்தைப் பிடுங்கிக்கொண்டு ஆடினார். அப்படி ஓர் ஆட்டத்தை அந்த ஊர் பார்த்ததில்லை. மேளக்காரர்கள் அவருக்கு ஈடுகொடுக்க முடியாமல் மாற்றி மாற்றி அடித்தார்கள். "அப்பன் ஆடுனது அரையாட்டம், இதுலா முழு ஆட்டம்!" என்று மாடக்கண்ணு அழுதுகொண்டே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். சோடாவைக் கீழே வைத்துவிட்டு இசக்கிதுரையும் விழுந்தான்.

கோயிலை மூன்று சுற்றுச் சுற்றி வர வேண்டும் என்பது முறை. மந்திரமூர்த்தி ஒரு சுற்று முடிவதற்குள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேராக வாய்க்காலுக்கு ஓடினார். தாமிரபரணித் தண்ணீரில் கழுத்தளவுக்கு உட்கார்ந்துகொண்டார். எவ்வளவு அழைத்தும் வெளியே வரவில்லை.

"அவுக அப்பாவும் கடைசியில ஆத்துக்குத்தான் ஓடுவாவ" என்று கரையில் ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். "அதே மாடன்லா!"

குமரகுருபரன் கூட்டத்தை விட்டு விலகி நடந்தான். சந்தோஷமாக இருந்தது, அவமானமாகவும் இருந்தது. எதுவும் எட்டாத மனிதர் என்று எழுதிய கை அவனுடையது. ஒரு மனிதனைத் தாளில் கூட்டிப் பார்த்துவிடலாம் என்று நினைத்தோமே! படிப்பை விட்டுவிடுவது என்றே முடிவு செய்துவிட்டான்.

வாய்க்கால் படித்துறையில் இசக்கித்தாய் தனியாக நின்றிருந்தாள். ஒரு கையில் துண்டு, இன்னொரு கையில் கிண்ணம் நிறையத் தேங்காயெண்ணெய். சாமி இறங்கிய பிறகு செய்கிற சடங்கு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

"அக்கா, என்ன மன்னிச்சிருங்க" என்றான். "அண்ணாச்சியப் பத்தி நான் போட்ட கணக்கு அம்புட்டும் தப்பு. அத ஒங்ககிட்டச் சொல்லி ஒங்களையும் அழ வச்சுட்டேன்."

இசக்கித்தாய் சுற்றுமுற்றும் பார்த்தாள். கிட்டே வந்து குரலைத் தணித்தாள்.

"தப்புன்னு சொல்லாதீய சார். மாமனாருக்குச் சல்லடத்துக்குள்ள, பட்டா அரிச்செடுக்குத செந்தட்டி எல ஒரு பிடி தேச்சாப் போதும்னு எங்க அத்த சொல்லிக் குடுத்துட்டுத்தான் போனாவ; இவுகளுக்கு நாலு பிடி வேணும்னு நீங்க அளந்து சொல்லலன்னா நான் எங்க போயிருப்பேன்?"